கேலன் சிரை: ஒரு தப்பான பெயரின் கதை

பிறந்து ஒரு நாள்தான் ஆகிறது. குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது, கல்லீரல் வீங்கியிருக்கிறது, எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரிகிறது. எக்கோ எடுத்துப் பார்த்தால் இதயத்தில் ஓட்டை இல்லை, வால்வும் சரியாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஏன் இதயம் தோற்றுப்போகிறது? விஷயம் தெரிந்த டாக்டர் ஒருவர் ஸ்டெதஸ்கோப்பை மார்பிலிருந்து எடுத்துத் தலையில் வைத்துக் கேட்பார். துடிப்போடு சேர்ந்து "உஸ், உஸ்" என்று ஒரு இரைச்சல் கேட்கும். கோளாறு இதயத்தில் இல்லை. மூளையின் நடுவில், ரத்தம் தடுப்பே இல்லாமல் ஒரு பெரிய பைக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த அபூர்வ நோய்க்கு மருத்துவத்தில் 'வெயின் ஆஃப் கேலன் மால்ஃபார்மேஷன்' என்று பெயர். தமிழில் 'கேலன் சிரைக் குறைபாடு' என்று சொல்லலாம். வேடிக்கை என்னவென்றால், வீங்கியிருக்கும் அந்தப் பை உண்மையில் கேலன் சிரையே கிடையாது. இது திட்டவட்டமாகத் தெரியவந்தது 1989இல்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சாஃப்ட்வேரில் ஒரு வேரியபிளுக்குத் தப்பான பெயர் வைத்தால் அடுத்து வருகிறவர் அதை நம்பித் தப்பான இடத்தில் கைவைப்பார். இங்கே கைவைக்கும் இடம் ஒரு குழந்தையின் மூளை. நான் மருத்துவன் இல்லை, படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். ஆனால் இந்தப் பெயரின் கதை டாக்டர்களுக்கு மட்டுமானது இல்லை.

அந்தச் சிரை எங்கே இருக்கிறது?

மூளையின் இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் தடித்த நரம்புப் பட்டைக்கு கார்பஸ் கலோசம் என்று பெயர். அதற்குக் கீழே, மூளையின் நட்டநடுவில், மூன்றாவது வென்ட்ரிக்கிள் என்ற திரவம் நிறைந்த சிறிய அறை. அந்த அறையின் கூரையில், நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு மெல்லிய சிரைகள் முன்னிருந்து பின்னாக ஓடுகின்றன. இவை உள் மூளைச் சிரைகள். மூளையின் ஆழத்தில் இருக்கும் பகுதிகளின் கழிவு ரத்தம் இவற்றில்தான் சேர்கிறது.

பின்பக்கம் வந்ததும் இரண்டும் ஒன்றாகின்றன. மூளையின் அடிப்பகுதியைச் சுற்றிக்கொண்டு வரும் இரண்டு அடிச் சிரைகளும் இங்கே வந்து சேர்கின்றன. இந்த அடிச் சிரைக்கு ரோசந்தால் சிரை என்றும் பெயர் உண்டு. மூளையின் ஆழ்சிரைகளைப் பற்றி 1824இல் தனி நூலே எழுதிய ஃப்ரீட்ரிக் கிறிஸ்டியன் ரோசந்தால் என்ற ஜெர்மன் உடற்கூற்றாளரின் பெயர் அது.

இவையெல்லாம் சேரும் குட்டையான, தடித்த சிரைதான் கேலன் சிரை. பெரியவர்களுக்கே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம்தான். கார்பஸ் கலோசத்தின் பின்முனையை வளைந்து சுற்றிப் போய் 'நேர் சைனஸ்' என்ற வாய்க்காலில் கலக்கிறது. (ஜலதோஷத்தில் அடைத்துக்கொள்ளும் சைனஸ் வேறு. இது மூளையை மூடியிருக்கும் தடித்த உறைக்குள் இருக்கும் ரத்த வாய்க்கால்.) நேர் சைனஸ் பின்மண்டைக்கு உள்பக்கம் ஒரு கூடலில் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து ரத்தம் கழுத்து வழியாக இதயத்துக்குத் திரும்புகிறது.

கேலன் பார்த்ததும் பார்க்க முடியாததும்

கேலன் கி.பி. 129 வாக்கில் பெர்கமோனில் பிறந்தவர். இன்றைய துருக்கியின் பெர்காமா. அலெக்சாந்திரியாவில் படித்து, ஊர் திரும்பி வாள்வீரர்களுக்கு வைத்தியம் பார்த்து, பிறகு ரோமுக்குப் போய் மார்க்கஸ் அரேலியஸ் காலத்து அரசவை வைத்தியர் ஆனவர். மனித உடலை அறுத்துப் பார்க்க அன்றைய ரோமில் வழியில்லை. அதனால் குரங்கு, பன்றி, மாடு என்று அறுத்தார். மூளைக்கு மாட்டு மூளை. கசாப்புக் கடையில் சுலபமாகக் கிடைக்கும், பெரிதாகவும் இருக்கும்.

உடற்கூறு செய்முறை பற்றி அவர் எழுதிய பெரிய நூலின் ஒன்பதாம் பகுதியில் மூளையை எப்படிப் படிப்படியாகப் பிரிப்பது என்று சொல்கிறார். அந்த நூலின் பின்பாதி கிரேக்கத்தில் அழிந்துவிட்டது. ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் குழுவினர் செய்த மொழிபெயர்ப்பால்தான் அரபியில் தப்பியது.

நடு அறைக்குள் போகும் அந்தப் பெரிய சிரையை கேலன் கவனித்து எழுதினார். பின்மண்டைக் கூடலைப் பற்றியும் எழுதினார். அதற்குத் தனக்கு நானூறு, ஐந்நூறு வருஷம் முந்தைய ஹெரோஃபிலஸ் வைத்த பெயரையே சொல்கிறார். திராட்சையைப் பிழியும் தொட்டியின் பெயர் அது. இன்றும் அந்த இடம் 'டார்குலர் ஹெரோஃபிலி' தான். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

மாட்டு மூளையின் அடியில் 'அற்புத வலை' என்று ஒரு ரத்தநாளப் பின்னலையும் கேலன் பார்த்தார், மனிதருக்கும் அது இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். மனிதருக்கு அது கிடையாது. 1520களில் பெரெங்காரியோ டா கார்ப்பி அதைச் சந்தேகித்தார். 1543இல் வெசாலியஸ் இல்லவே இல்லை என்றார். கேலனின் தப்பு என்றால் எல்லோரும் சொல்லும் உதாரணம் இதுதான்.

சிரை விஷயத்தில் நடந்தது வேறு. அது மாட்டுக்கும் உண்டு, மனிதருக்கும் உண்டு. குழாய் சரி, இடமும் சரி. ஓட்டத்தின் திசைதான் தலைகீழ். கேலனின் கணக்கில் ரத்தம் கல்லீரலில் உண்டாகிச் சிரைகள் வழியாக உறுப்புகளுக்குப் போகிறது. ஆக அவருக்கு இந்தச் சிரை மூளையின் நடுவுக்கு ரத்தம் *கொண்டுபோகும்* குழாய். உண்மையில் அது ரத்தத்தை *வெளியே எடுத்துவரும்* குழாய். ரத்தம் சுற்றி வருகிறது, சிரைகள் இதயத்தை நோக்கி ஓடுகின்றன என்று வில்லியம் ஹார்வி 1628இல் நிறுவும்வரை இது மாறவில்லை.

கேலன் கவனக்குறைவானவர் இல்லை. செத்த மூளையில் குழாயின் வடிவம் தெரியும், ஓட்டம் தெரியாது. இதே சிக்கல் இருபதாம் நூற்றாண்டில் வேறு ரூபத்தில் திரும்ப வந்தது.

ஓட்டத்தைப் படம் பிடித்தது

உயிரோடிருக்கும் மனிதரின் மூளைத் தமனிகளை முதலில் எக்ஸ்ரேயில் பார்த்தவர் போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ். லிஸ்பன், 1927 ஜூன் 28. கழுத்துத் தமனியில் 25 சதவீத சோடியம் அயோடைடு கரைசலைச் செலுத்தினார்கள். அயோடின் எக்ஸ்ரேயைத் தடுப்பதால் ரத்தநாளம் படத்தில் தெரியும். கீல்வாதத்தால் மோனிஸின் கைகள் ஒத்துழைக்காது, கைவேலையைச் செய்தவர் அவருடைய உதவியாளர் அல்மெய்டா லிமா. (1949இல் மோனிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது இதற்காக இல்லை, மூளையின் முன்பகுதி நரம்புகளை வெட்டும் லூக்கோடமிக்காக. அது தனியாக எழுத வேண்டிய சோகக்கதை.)

ஒரே ஒரு படம் எடுத்தால் தமனிகள்தான் தெரியும். சிரைகளைப் பார்க்க வேண்டுமென்றால், மருந்து மூளைக்குள் போய் மறுபக்கம் வெளியே வரும் சில விநாடிகளுக்குள் அடுத்தடுத்துப் பல படங்கள் எடுக்க வேண்டும். மோனிஸின் சகா பெரெய்ரா கால்டாஸ் இதற்காக ஒரு சுழல் பெட்டி செய்தார். ஃபிலிம்கள் ராட்டினம்போல் ஒன்றன்பின் ஒன்றாக மாறும். முதல் படங்களில் தமனிகள், கடைசிப் படங்களில் ஆழ்சிரைகள். கேலனுக்குக் கிடைக்காத *நேரம்* என்ற தகவல் இப்போது படத்தில் வந்துவிட்டது.

அடுத்த நாற்பது வருஷம் இந்தச் சிரைகள் இன்னொரு வேலையும் பார்த்தன. அப்போது எக்ஸ்ரேயில் மூளைக்கட்டியை நேரடியாகப் பார்க்க முடியாது. ஆனால் உள் மூளைச் சிரைகள் நடுக்கோட்டை ஒட்டி ஓடுகின்றன அல்லவா? முன்பக்கமிருந்து எடுத்த படத்தில் அவை ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால், எதிர்ப் பக்கத்தில் ஏதோ ஒன்று தள்ளுகிறது என்று அர்த்தம். கொத்தனார் சுவரின் சாய்வைத் தூக்குக்குண்டு வைத்துப் பார்ப்பதுபோல, டாக்டர்கள் மூளையின் சாய்வை இந்தச் சிரையை வைத்துப் பார்த்தார்கள். 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேனில் முதல் நோயாளி படுத்தார். கட்டியே நேரில் தெரிய ஆரம்பித்தது. தூக்குக்குண்டுக்கு வேலை போயிற்று.

நடுவில் ஒரு பை

ஆன்ஜியோகிராம் பரவியபோது சில குழந்தைகளின் படத்தில் விநோதமாக ஒன்று தெரிந்தது. மூளையின் நடுவில், கேலன் சிரை இருக்க வேண்டிய இடத்தில், பெரிய உருண்டையான பை. தமனிகள் நிறையும்போதே அதுவும் நிறைந்துவிடுகிறது. அதாவது இடையில் தந்துகிகள் இல்லை. தமனி நேராகச் சிரைக்குள் கொட்டுகிறது. 1937இல் ஜேகர், ஃபோர்ப்ஸ், டாண்டி மூவரும் இப்படியொரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 1964இல் கோல்டு, ரான்சாஃப், கார்ட்டர் மூவரும் நோயை வயதுவாரியாகப் பிரித்தார்கள்: பிறந்த உடனே இதயம் தோற்கும் குழந்தைகள், சில மாதங்களில் தலை பெரிதாகித் தலைக்குள் நீர் கோக்கும் குழந்தைகள், பிற்பாடு தலைவலியோ ரத்தக்கசிவோ வரும் பெரிய பிள்ளைகள்.

பிறந்த உடனே ஏன் இதயம் தோற்க வேண்டும்? கருப்பையில் இருக்கும்வரை நஞ்சுக்கொடியும் தடை குறைந்த பாதைதான். ரத்தம் இரண்டு பக்கமும் பங்காகிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் அந்தப் பாதை அடைபடுகிறது. இப்போது உடம்பிலேயே தடை குறைந்த பாதை தலைக்குள் இருக்கும் இந்த ஓட்டைதான். இதயம் எவ்வளவு இறைத்தாலும் பெரும்பங்கு மூளைக்குப் பயன்படாமல் பைக்குள் போய்த் திரும்பிவருகிறது. குழாய் உடைந்த வீட்டில் மோட்டார் நிற்காமல் ஓடுகிற கதை.

மண்டையைத் திறந்து செய்த அறுவைசிகிச்சைகள் பெரும்பாலும் துக்கத்தில்தான் முடிந்தன. ஜான்ஸ்டன் குழு 1987இல் அதுவரை வெளியான 245 நோயாளிகளின் விவரத்தைத் தொகுத்தது. பச்சிளங்குழந்தைகளில் இறப்பு 90 சதவீதத்துக்கும் மேல்.

கருவில் வந்துபோகும் ஒரு சிரை

பை இருந்த இடம் கேலன் சிரையின் இடம், அதனால் அது வீங்கிய கேலன் சிரை என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அது தப்பு என்பதற்கான தடயம் கருவியல் ஆராய்ச்சியில் முன்பே இருந்தது.

போலந்து உடற்கூற்றாளர் யோசஃப் மார்கோவ்ஸ்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனிதக் கருக்களில் ஒரு தற்காலிகச் சிரையை விவரித்திருந்தார். மூளையின் நடுக்கோட்டில் ஒற்றையாக ஓடும் சிரை அது. அதை இன்னும் நுணுக்கமாக வரைந்தவர் டார்கஸ் ஹேகர் பேட்ஜெட். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அறுவைசிகிச்சை நிபுணர் வால்ட்டர் டாண்டியின் நூல்களுக்குப் படம் வரையும் ஓவியராக இருந்தவர், பிறகு பால்டிமோரில் கார்னகி கழகத்தின் கருத் தொகுப்பில் உட்கார்ந்து சீவல் சீவலாக வெட்டிய கருக்களிலிருந்து ரத்தநாளங்களின் வளர்ச்சியை வாரவாரியாக மீட்டு வரைந்தார். தமனிகள் பற்றிய அவருடைய ஆய்வு 1948இல் வந்தது. சிரைகள் பற்றியது 1950களில்.

அந்தப் படங்கள் சொல்லும் கதை இது. ஆரம்பத்தில் கருவின் மூளைச்சுவர் மெல்லியது, அதற்குள் ரத்தநாளங்கள் அதிகம் இல்லை. அப்போது ரத்தம் அதிகம் கேட்பது மூளைத் திரவத்தைச் சுரக்கும் கோராய்டு பின்னல். அதன் ரத்தத்தை வெளியே எடுத்துப்போகத்தான் மார்கோவ்ஸ்கி சிரை. பிறகு மூளை வளர, ஆழப்பகுதிகளுக்கென்று இரண்டு உள் மூளைச் சிரைகள் உருவாகி வேலையைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொள்கின்றன. பழைய சிரை சுருங்கி மறைகிறது. அதன் பின்முனைத் துண்டு மட்டும் தங்கி, உள் மூளைச் சிரைகளோடு சேர்ந்து கேலன் சிரை ஆகிறது. இத்தனையும் ஏறக்குறைய 6ஆம் வாரத்திலிருந்து 11ஆம் வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

1989இல் ரேபோ, ஸ்ட்ரோதர், ஹால்டு மூவரும் நோயாளிகளின் ஆன்ஜியோகிராம்களை இந்தக் கருவியலோடு பொருத்திப் பார்த்தார்கள். பைக்குள் கொட்டும் தமனிகள் கோராய்டு பின்னலுக்கு உரியவை. பையிலிருந்து ரத்தம் பல சமயம் நேர் சைனஸ் வழியாக வெளியேறவில்லை, கருவில் மட்டுமே இருக்க வேண்டிய ஃபால்சைன் சைனஸ் என்ற வாய்க்கால் வழியாகப் போகிறது. மூளையின் ஆழ்சிரைகளோ இந்தப் பைக்குள் வருவதாகவே தெரியவில்லை. அவை வேறு பாதை தேடிக்கொண்டிருக்கின்றன. ஆக அந்தப் பை கேலன் சிரை உருவாவதற்கு முந்தைய சிரை. மறைந்திருக்க வேண்டியது, தமனி ரத்தம் கொட்டிக்கொண்டே இருந்ததால் மறையவில்லை. பழைய வெர்ஷனை நீக்காமல் விட்டுவைத்தால் புதியது சரியாக நிற்க முடியாதது போல.

பெயர் மாறினால் என்ன ஆகும்?

இது உண்மையான கேலன் சிரை என்றால் அது மூளையின் ஆழப்பகுதிகளுக்கு ஒரே பெரிய வடிகால். அதை அடைத்தால் பின்னால் ரத்தம் தேங்கி மூளை சேதமாகும். மார்கோவ்ஸ்கி சிரை என்றால் பெரும்பாலும் மூளைக்கு அதனால் உபயோகம் இல்லை, அடைக்கலாம். சிகிச்சையின் அடிப்படையே இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

அதே காலத்தில் சிகிச்சைமுறையும் மாறிக்கொண்டிருந்தது. மண்டையைத் திறக்காமல், தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயை மூளைவரை கொண்டுபோய், பசையால் ஓட்டையை அடைப்பது. இதில் முன்னோடி பாரிஸ் அருகே பிசெத்ர் மருத்துவமனையின் பியர் லாஸ்ஜோனியாஸ். முழுவதையும் ஒரே நாளில் அடைக்காமல் தவணை முறையில் அடைத்தார். எப்போது தொடங்குவது என்பதற்கு 21 புள்ளி அளவுகோல் ஒன்றும் வைத்தார். இதயம், மூளை, மூச்சு, கல்லீரல், சிறுநீரகம் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். 8க்குக் கீழே என்றால் சிகிச்சை வேண்டாம், 8 முதல் 12 என்றால் அவசரம், 12க்கு மேல் என்றால் மருந்து கொடுத்து ஐந்து மாதம்வரை காத்திருக்கலாம். 8க்குக் கீழே என்ற வரியை நான் பலமுறை படித்தேன். ஒரு கைவிரிப்பை எண்ணாக எழுதியிருக்கிறார்கள்.

2006இல் வெளியான அவர்களின் கணக்கில், சிகிச்சை பெற்ற 216 பேரில் இறந்தவர்கள் 10.6 சதவீதம். பிழைத்தவர்களில் 74 சதவீதம் நரம்பியல்ரீதியாக இயல்பாக இருந்தார்கள். ஆனால் பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே சிகிச்சை தேவைப்பட்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் இறப்பு 52 சதவீதம். இந்த எண்களைப் பழைய 90 சதவீதத்தோடு நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது, தேர்வு செய்த நோயாளிகள் வேறு. இருந்தாலும் மாற்றம் பெரியது.

இதில் ஒரு திருத்தமும் உண்டு. 1989க்குப் பிறகு வந்த நுணுக்கமான படங்களில், சில குழந்தைகளுக்கு ஆழ்சிரைகள் அந்தப் பைக்குள் சேர்வதும் தெரிந்தது. அதனால் 'இது மார்கோவ்ஸ்கி சிரை, கண்ணை மூடிக்கொண்டு அடை' என்று யாரும் போவதில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள்.

யாருடைய ரத்தம்?

அப்படிப் பார்க்க உதவும் ஒரு எம்.ஆர்.ஐ. முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தை லேசாகக் குலைக்கும், ஆக்சிஜன் உள்ளது குலைக்காது. லைனஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கோரியலும் 1936இல் கண்டுபிடித்தது இது. 1990இல் செய்ஜி ஒகாவா இதை எம்.ஆர்.ஐ.யில் பயன்படுத்திக் காட்டினார். 1997இல் ரைஷன்பாக், ஹாக்கே குழுவினர் இதைக்கொண்டு, மருந்து எதுவும் செலுத்தாமல், மூளையின் மெல்லிய சிரைகளையும் படமாக்கினார்கள்.

எம்.ஆர்.ஐ. சிக்னலில் அளவு, கட்டம் என்று இரண்டு பாகம் உண்டு. வழக்கமான படங்களுக்கு அளவை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இந்த முறை அந்தக் கட்டத் தகவலை வடிகட்டி, ஒரு முகமூடியாக்கி, அளவுப் படத்தோடு சில தடவை பெருக்குகிறது. அவ்வளவுதான், சிரைகள் கருப்புக் கோடுகளாக எழுந்து நிற்கும். மெஷின் அதேதான், குப்பை என்று நினைத்த டேட்டாவில் விடை இருந்தது.

இயல்பான ஆழ்சிரை இந்தப் படத்தில் கருப்பு. தமனி ரத்தம் நேராகக் கொட்டும் சிரையில் ஆக்சிஜன் அப்படியே இருப்பதால் அது வெளுப்பாகத் தெரியும். அதாவது குழாயின் வடிவத்தோடு, அதில் ஓடும் ரத்தம் மூளைக்கு வேலை செய்துவிட்டு வந்ததா, சும்மா வந்ததா என்பதையும் படம் சொல்லிவிடுகிறது.

பிறப்பதற்கு முன்பே

தொப்புள்கொடி வெட்டியதும்தான் ஆபத்து என்றால், அதற்கு முன்பே அடைத்தால் என்ன? இன்று கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஸ்கேனிலேயே இந்தப் பை தெரிந்துவிடுகிறது. கருவின் எம்.ஆர்.ஐ.யில் வெளியேறும் வாய்க்காலின் அகலத்தை அளந்து, பிறந்ததும் எந்தக் குழந்தைக்கு மோசமாகும் என்று ஓரளவு கணிக்கிறார்கள்.

2023 மார்ச் 15 அன்று பாஸ்டனில் டேரன் ஆர்பாக் குழுவினர், 34 வாரமும் இரண்டு நாளும் ஆன கருவுக்கு இதைச் செய்தார்கள். அல்ட்ராசவுண்டைப் பார்த்தபடி தாயின் வயிறு, கருப்பை வழியாக ஊசியைக் குழந்தையின் பின்மண்டைக்குள் செலுத்தி, அதன் வழியாகப் பையை நோக்கி மெல்லிய குழாய் விட்டு, உலோகக் கம்பிச்சுருள்களால் ஓட்டத்தைக் குறைத்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. அந்த வகைக் குழந்தைகளுக்கு வழக்கமாக வரும் இதயத் தோல்வி அவளுக்கு வரவில்லை.

ஊசி உள்ளே நுழைந்த இடம் எது தெரியுமா? அந்தப் பின்மண்டைக் கூடல்தான், ஹெரோஃபிலஸ் திராட்சைத் தொட்டியின் பெயரை வைத்த அதே இடம். அந்தப் பெயர் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகச் சரியான இடத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது. கேலன் பெயர் ஒட்டிய நோய்க்கு மட்டும், தப்பு என்று தெரிந்த பிறகும், மருத்துவப் பத்திரிகைகளில் பழைய பெயரே தொடர்கிறது. அடைக்கும் முன் ஒவ்வொரு முறையும் படத்தைப் பார்த்து, இது எந்தச் சிரை என்று கேட்டுக்கொள்கிறார்கள்.